மடவை மீனின் இரண்டு புள்ளிகள்

திங்கட்கிழமை இரண்டு புள்ளிகள் தெரிந்தன. வியாழக்கிழமை ஒன்று. அடுத்த திங்கட்கிழமை ஒன்றுமே இல்லை. சில மாதங்களாகவே இப்படித்தான். மீன் அதே மடவை மீன், மருந்து அதே மருந்து, கை அதே கை.

ஜொஹரா மைக்ராஸ்கோப்பின் அடியிலிருந்த சிறு கண்ணாடியை ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அந்தக் கண்ணாடிதான் வெயிலைப் பிடித்து மேலே அனுப்பும். பழவேற்காட்டு மின்சாரத்தை நம்பி விளக்கு வைத்த மைக்ராஸ்கோப்பை யாரும் இரவல் தரமாட்டார்கள். வெளிச்சம் போதுமானதாகவே இருந்தது. குரோமோசோம்கள் வெளிர் மஞ்சள் நிறத்தில், உடைந்த சேமியாத் துண்டுகள் போலச் சிதறிக் கிடந்தன. கறுப்புப் புள்ளி மட்டும் எதிலும் இல்லை.

"இன்னா, இன்னிக்கும் காணாமப் போய்டுச்சா?" முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா மஸூதா கேட்டாள்.

"காணோம்."

"நல்லாத் தேடு. என் மூக்குத்தித் திருகு காணோம்னு ஊரையே கூட்டினேன். கடைசில அடுப்புச் சாம்பல்ல இருந்துச்சு."

ஜொஹரா கண்ணாடித் தகட்டை நகர்த்தினாள். திருகு காணாமல் போனால் அது எங்கோ இருக்கிறது என்று நம்பித் தேடலாம். இது இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை.

அவள் தேடியது இதைத்தான். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கரு இருக்கிறது. உட்கருவுக்குள் இன்னும் அடர்த்தியாக, உருண்டையாக ஒன்று தெரியும். அதை உட்கருமணி என்பார்கள். செல்லுக்கு வேண்டிய புரதங்களைச் செய்யும் பட்டறைகளுக்கு ரைபோசோம் என்று பெயர். அந்தப் பட்டறைகளையே செய்து அனுப்பும் இடம் உட்கருமணி. செல் இரண்டாகப் பிரியும் நேரம் வந்ததும் நூல்போல் பரவிக் கிடந்த குரோமோசோம்கள் சுருண்டு தடிக்கின்றன. அப்போது உட்கருமணி கரைந்து மறைந்துவிடுகிறது. பிரிவு முடிந்ததும் இரண்டு புதுச் செல்களிலும் அது மீண்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மறைந்தது எப்படித் திரும்பியது? உண்மையில் அது முழுவதும் மறைவதில்லை. ரைபோசோமுக்கு வேண்டிய மரபணுக்கள் சில குரோமோசோம்களில் ஒரே இடத்தில் கூட்டமாக இருக்கின்றன. உட்கருமணியில் இருந்த புரதங்களில் பல கலைந்து போனாலும், சில மட்டும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பிரிவு முடியும்வரை அங்கேயே இருக்கின்றன. பிறகு அவற்றைச் சுற்றிப் புது மணி திரள்கிறது. அந்தப் புரதங்கள் வெள்ளியை இழுப்பவை. கண்ணாடித் தகட்டின்மேல் செல்களைப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் சொட்டுவிட்டுச் சூடு காட்டினால், அவை இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளி படிந்து கறுக்கும். மடவை மீனில் அப்படிப்பட்ட இடம் ஒரே ஒரு ஜோடிக் குரோமோசோம்களில்தான். அதனால் இரண்டு புள்ளிகள் வரவேண்டும்.

வரவேண்டியது வராததால்தான் அவளுக்குத் தூக்கம் போயிருந்தது.

எண்பத்து நான்காம் வருடம் அது. பழவேற்காட்டிலிருந்து சென்னைக்குப் போய் விலங்கியல் படித்துவிட்டு வந்தவளுக்கு, மேலே ஆராய்ச்சி செய்ய வாப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வீட்டில் இருந்தே செய்ய வேண்டும். அவளுடைய பேராசிரியர் திருவேங்கடம் அதற்கு ஏற்ற தலைப்பைத் தேடிக் கொடுத்தார்: ஏரி மீன்களின் குரோமோசோம்கள். உயிருள்ள மீன் வேண்டிய வேலை; ஏரியோரத்தில் இருப்பவளுக்கே அது சுலபம். ஆனால் போன முறை வந்து தகடுகளைப் பார்த்தபோது அவர் முகம் மாறிவிட்டது.

"ஒரு மீன்ல ரெண்டு, ஒரு மீன்ல ஒண்ணு, ஒரு மீன்ல பூஜ்யம். இதை வச்சு என்னம்மா எழுதுவ?" என்றார். "ஆடி முடிஞ்சதும் வரேன். அப்பவும் இப்படித்தான்னா தலைப்பை மாத்திடலாம். காலேஜ்ல எலி இருக்கு. அங்க வந்து செய்."

அங்கே வந்து செய் என்றால் ஆராய்ச்சியை விட்டுவிடு என்று பொருள். அது அவருக்குத் தெரியாது. ஜொஹராவும் சொல்லவில்லை.

அவர் போனதிலிருந்து அவள் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டாள். முதலில் வெள்ளி நைட்ரேட். பாரிமுனையிலிருந்து புதுப் புட்டி வரவழைத்தாள். புதுப் புட்டியிலும் அதே குழப்பம். பிறகு சூடு. ஸ்டவ்வின்மேல் தோசைக்கல் வைத்து அதன்மேல் தகட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். கல்லை மாற்றிக் கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின் மூடிமேல் வைத்துப் பார்த்தாள். தகடுகள் அழகான தேன் நிறத்துக்கு வந்தன. புள்ளிகள் தம் இஷ்டத்துக்கே வந்தன, போயின.

அடுத்து உப்பு. வெள்ளிக்கும் உப்புக்கும் ஆகாது. இரண்டும் கலந்தால் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்துப்போகும். பழவேற்காட்டில் உப்பில்லாத பொருள் எது? காற்றிலேயே இருக்கிறது. அதற்காகத்தான் பொன்னேரி பேட்டரிக் கடையிலிருந்து காய்ச்சி வடித்த நீர் வாங்கிவந்து வைத்திருந்தாள். ஒருவேளை கடைக்காரன் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துவிட்டானோ? ஆனால் உப்புக் கலந்திருந்தால் தகடு முழுவதும் கரித்தூள் தூவியதுபோல் இருக்க வேண்டும். இங்கே தகடு பளிச்சென்று இருந்தது. கூடுதலாக எதுவும் இல்லை. இருக்க வேண்டியதுதான் இல்லை.

ஆண் மீனுக்கும் பெண் மீனுக்கும் வித்தியாசமோ? அறுத்துப் பார்த்தாள். இல்லை. மடவையில் இரண்டு இனம் கலந்து வருகிறதோ? செதில்களையும் துடுப்பு முட்களையும் எண்ணிப் பார்த்தாள். எல்லாம் ஒரே இனம்தான். அமாவாசை, பௌர்ணமி, ஏரி வாய் திறப்பு, தண்ணீரின் உவர்ப்பு என்று யோசித்து யோசித்து, கடைசியில் தான் கண்ணாடி வழியே பார்ப்பது புள்ளியா தூசியா என்பதே சந்தேகமாகிவிட்டது. முதலில் பார்த்த அந்த இரண்டு புள்ளிகளையும் எடுத்து மறுபடி பார்த்தாள். அவை அப்படியே இருந்தன, கடுகு போல, ஜோடிக் குரோமோசோம்களின் நுனியில். அதுதான் இன்னும் குழப்பியது. ஒரு தடவை வந்தது ஏன் மறு தடவை வராது?

திங்கள், வியாழன் என்று வாரம் இரண்டு நாள் அவளுக்கு உயிர் மீன் கொண்டுவருபவன் தருமன். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரன். தூக்குவாளியில் ஏரித் தண்ணீரோடு உள்ளங்கை நீள மடவைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து முற்றத்துத் தொட்டியில் விடுவான். அவள் ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஊசியால் கால்ச்சிசின் செலுத்துவாள். செல்கள் பிரிந்துகொண்டிருக்கும்போதே நடுவழியில் நிறுத்திவைக்கும் மருந்து அது. அப்போதுதான் குரோமோசோம்களைத் தனித்தனியாகப் பார்க்க முடியும். மத்தியானம் மீனை அறுத்து, செல்கள் வேகமாகப் பிரியும் சிறுநீரகத்தை எடுப்பாள். மீதியை வாய்க்கால் ஓரம் போட்டுவிடுவாள். அது பூனைக்கு. முற்றம் கழுவுவது மஸூதாவின் பங்கு.

அந்த வியாழக்கிழமை புள்ளிகள் மீண்டும் வந்தன. ஒவ்வொரு செல்லிலும் இரண்டு. ஜொஹரா சந்தோஷப்படவில்லை. இப்போது வந்ததும் ஏன் என்று தெரியவில்லையே.

முற்றத்திலிருந்து மஸூதா குரல் கொடுத்தாள். "உன் ஆராய்ச்சிய நீயே வந்து கழுவு. பூனைகூடத் தொடல."

"எதை?"

"குடலத்தான். கறுகறுன்னு சேறு. கால்ல மெரிச்சுத் தொலைச்சேன், கோடு கோடா இழுக்குது. திங்கக்கெழம நல்லா சுத்தமா இருந்துச்சு. பூனையும் வழிச்சு நக்கிட்டுப் போச்சு. இன்னிக்கு மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போவுது, மாப்பிள்ளை வீட்டாரு மாதிரி."

ஜொஹரா எழுந்து வந்து வாய்க்கால் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மடவையின் குடல் மிக நீளம். இன்றைய மீனில் அது கறுத்து, தடித்து, ஈரச் சேறு பிதுங்கும்படி இருந்தது.

"அக்கா, திங்கக்கெழம குடல் எப்படி இருந்துச்சு?"

"சொன்னேனே. வெள்ளையா, நூல் மாதிரி."

"அதுக்கு முந்தின வியாழன்?"

"இன்னாடி இது, போலீஸ் மாதிரி. அன்னிக்கும் பூனை தின்னுச்சு. அதுக்கு முந்தி ஒரு நாள் தின்னல. நான்தான் சாம்பல் போட்டுத் தேய்ச்சேன்."

பூனை தின்னாத அந்த நாள் போன வாரத் திங்கட்கிழமை, இரண்டு புள்ளிகள் வந்த நாள். ஜொஹரா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் சேறு இருந்தால் குரோமோசோமில் புள்ளி. வயிறு காலியானால் புள்ளியும் காலி. எங்கோ வயிறு, எங்கோ சிறுநீரகம், அதற்குள் எங்கோ உட்கரு. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவளுக்கு முன்பைவிட அதிகமாகக் குழம்பியது.

மறுநாள் காலையில் மஸூதாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு படகேறி தருமனின் குப்பத்துக்குப் போனாள். கவிழ்த்த படகின் நிழலில் தருமன் வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி அங்காளம்மாள் இறாலுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஜொஹராம்மா, நீயே வந்துக்கீற? மீனு செத்துப் போச்சா?"

"மீனு நல்லாத்தான் இருந்துச்சு தருமண்ணே. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நேத்து குடுத்த மீனு எப்பப் புடிச்சது?"

"நேத்து காலைலதான்."

"திங்கக்கெழம குடுத்தது?"

தருமன் வலையைப் பார்த்தான். ஊசியைப் பார்த்தான்.

"சொல்லேன்யா," என்றாள் அங்காளம்மாள். "கொலையா பண்ணிட்ட."

"அது முன்னாடியே புடிச்சு வெச்சிருந்தது," என்றான் தருமன். "ஆறேழு நாள் ஆயிருக்கும். அதுக்கு முந்தி குடுத்ததும் அதே கூடைலேர்ந்துதான். எங்க பாடு நடுவுல இல்லியேம்மா. நான் இன்னா பண்றது?"

ஏரி கடலைச் சேரும் வாயருகே நல்ல மீன் கிடைக்கும் இடங்கள் சில உண்டு. அங்கே யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வலை போட முடியாது. குப்பங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தன. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தன் பாடு வரும் நாளில் ஒருவன் அங்கே கழி நட்டு வலை கட்டலாம். அடுத்தவர் பாட்டில் அங்கே கை நனைத்தாலும் ஊர் கூடிவிடும். ஜொஹரா கேட்ட அளவு மடவைக் குஞ்சு அந்த இடத்தில்தான் கிடைத்தது. ஆனால் அவள் கேட்டதோ திங்கள், வியாழன். பாடு கிழமை பார்த்து வருவதில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே."

"இன்னாத்த சொல்றது? உசுரோட வேணும்னு கேட்ட. உசுரோட குடுத்தேன். கேட்ட நாள் தப்பாம குடுத்தேன். ஒரு மீனாவது வாயப் பொளந்துகினு வந்துச்சா?"

"இல்ல. கொறையே சொல்லல. மீனை எதுல வெச்சிருக்கீங்க, காட்டுங்க."

முழங்கால் தண்ணீருக்கு அப்பால் ஒரு கழி நின்றது. அதிலிருந்து கயிற்றில் மூங்கில் கூடை ஒன்று தண்ணீருக்குள் தொங்கியது. தருமன் அதைப் பெருமையோடு காட்டினான்.

"தரையத் தொடாம ஒரு முழம் மேல கட்டிக்கீறேன் பாரு. நீ கண்ணாடி வெச்சுப் பெருசு பண்ணிப் பாக்குறவ. சேத்தோட குடுத்தா நல்லாவா இருக்கும்? நாலு நாள் தொங்கினா வயிறெல்லாம் அலசி வுட்ட மாதிரி ஆயிடும்."

"எனக்குக் கொழம்புக்கு மட்டும் சேத்தோடவே கொண்டாந்து கொட்டுவாரு," என்றாள் அங்காளம்மாள். "அத்த அலசறதுக்கு நான் இருக்கேன்ல."

மஸூதா சிரித்தாள். ஜொஹரா சிரிக்கவில்லை. அவள் கூடைக்கும் தரைக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு முழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மடவை சேற்றை மேயும் மீன். சேற்றின் மேல் படிந்திருக்கும் பாசியும் மக்கலும்தான் அதற்குத் தீனி. தண்ணீரின் நடுவில் தொங்கவிட்டால் அது நீந்தும், மூச்சுவிடும், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் பட்டினி. பட்டினி கிடக்கும் உடம்பு புதுப் புரதம் செய்வதைக் குறைத்துக்கொள்ளும். புரதம் குறைவென்றால் பட்டறைகள் எதற்கு? ரைபோசோம் வேண்டாம். ரைபோசோம் வேண்டாம் என்றால் உட்கருமணிக்கு வேலை இல்லை. வேலை இல்லாத இடத்தில் அந்தப் புரதங்கள் கூடுவதில்லை. பிறகு செல் பிரியும்போது அங்கே பிடித்துக்கொண்டு நிற்க யார் இருக்கிறார்கள்?

வேலை நடந்த இடத்தில்தான் வெள்ளி படியும் என்று அவள் படித்திருக்கிறாள். ஆனால் வேலை செய்வதும் செய்யாததும் அந்தந்த மீனின் பிறவிக் குணம் என்று எண்ணிக் கடந்துபோயிருந்தாள். நாலு நாளில் மாறக்கூடியது என்று தோன்றவே இல்லை.

"இன்னாம்மா அப்படியே நின்னுட்ட?" என்றாள் அங்காளம்மாள். "அந்தப் புள்ளி புள்ளின்னு சொல்றியாமே, அது இன்னாதான்?"

ஜொஹரா ஏரி வாய்ப் பக்கம் கை காட்டினாள். "பாடு முடிஞ்சதும் வலையை அவுத்துக்கினு வந்துடுறீங்க. கழியை?"

"பெரிய கழி ரெண்ட அங்கியே வுட்டுருவோம்," என்றான் தருமன். "திரும்பப் போனா எடம் தேட வேணாம். அதுலேர்ந்தே கட்ட ஆரம்பிச்சுடலாம்."

"அதான் அந்தப் புள்ளி. செல்லு ரெண்டாப் பிரியும்போது வலையெல்லாம் சுருட்டிடுது. கழி மட்டும் நிக்குது. பிரிஞ்சு முடிஞ்சதும் கழியச் சுத்தி மறுபடி கட்டிக்குது. நான் அந்தக் கழியைத்தான் எண்ணுறேன்."

"இந்த வருஷம் வலையே கட்டாத எடத்துல?" என்றான் தருமன்.

"கழி இருக்காது. ஆனா எடம் இருக்கும். தொங்கின கூடைல மீனுக்குத் தீனி இல்ல, அதான் அங்க வலையே கட்டல. நான் கழியைக் காணோம்னதும் எடத்தையே காணோம்னு தேடிக்கினு இருந்திருக்கேன்."

அங்காளம்மாள் இறாலை வழித்துக் கூடையில் போட்டாள். "மீனைப் பட்டினி போட்டுட்டு மருந்து மேல சந்தேகப்பட்டுக்கீற. சரி, இப்ப இன்னா பண்ணணும்?"

அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. கூடையைத் தரையில் வைத்தால் நண்டு வந்து வாலைக் கடிக்கும் என்றான் தருமன். அங்காளம்மாள் பழைய வலைத் துண்டைக் கூடையைச் சுற்றி இழுத்துக் கட்டினாள். அடியில் மட்டும் கட்டாமல் விட்டாள். மூங்கில் இடுக்கு வழியாகச் சேறு உள்ளே வர வேண்டுமே. அதற்கு மேலும் இரண்டு கை சேற்றை அள்ளி உள்ளே போட்டாள்.

தருமனின் அடுத்த பாட்டில் ஒரே வலையில் விழுந்த குஞ்சுகளை ஜொஹரா இரண்டாகப் பிரிக்கச் சொன்னாள். பாதி பழையபடி தொங்கும் கூடையில். பாதி சேற்றில் உட்காரும் கூடையில். ஒரே நாள் பிடித்தவை, ஒரே தண்ணீர், ஒரே மருந்து. வேறுபாடு அந்த ஒரு முழம்தான். நாலு நாள் கழித்து இரண்டு தூக்குவாளிகள் வந்தன. எந்த வாளி எந்தக் கூடை என்று தன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும், மஸூதாவிடம் மட்டும் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டாள். தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும். இரண்டு வாளி மீன்களையும் மஸூதாவே அறுத்து, சிறுநீரகத்தை மட்டும் தனித்தனிக் கிண்ணங்களில் கொண்டுவந்து வைத்தாள். குடலை ஜொஹரா பார்க்கவில்லை.

"பூனைக்குத் தெரியும்," என்று மட்டும் மஸூதா சொன்னாள்.

இரண்டாவது கிண்ணத்தின் தகடுகளில் பிரியும் செல்களே குறைவாக இருந்தன. தேடிக் கண்டவற்றில் சிலவற்றில் மங்கலாக ஒரு புள்ளி. பலவற்றில் அதுவும் இல்லை. ஜொஹரா முதல் கிண்ணத்தின் தகட்டை வைத்தாள். பிறகு நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். இரண்டு. இரண்டு. மீண்டும் இரண்டு.

"முதல் கிண்ணம் எந்தக் கூடை?"

"பூனை தொடாத கூடை," என்றாள் மஸூதா.

ஆடி முடிந்து திருவேங்கடம் வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, வந்த சோடாவைக்கூடக் குடிக்காமல், தகடு தகடாகப் பார்த்தார். சேற்றுக் கூடைத் தகடுகள் ஒரு பக்கம், தொங்கிய கூடைத் தகடுகள் ஒரு பக்கம். வாப்பா வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுமே ஒரே மீன்தானா?"

"ஒரே வலைல விழுந்தது சார்."

"கெமிக்கலை மாத்தினியா?"

"இல்ல சார்."

"பின்ன என்னதான் செஞ்ச?"

"கூடையோட கயித்தை ஒரு முழம் கூட விட்டோம் சார். கூடை சேத்துல உக்காந்துச்சு. மீன் மேஞ்சுது. மேஞ்ச மீனோட செல்லுல உட்கருமணி வேலை செஞ்சுது. வேலை செஞ்ச எடத்துல அந்தப் புரதம் இருந்துச்சு. செல்லு பிரியும்போதும் அந்த எடத்தை விடல. அதனால ரெண்டு புள்ளி. இனிமே மீன் எந்தப் பாட்டுல வந்தாலும், ஊசி போடுறதுக்கு முன்னாடி நாலு நாள் சேத்துல மேய விட்டுட்டா போதும்."

"அப்ப எலி வேண்டாம், இதையே எழுது," என்றபடி திருவேங்கடம் சோடாவைக் கையில் எடுத்தார்.